நட்டு எந்தப் பக்கம்?

முதல் ஹோல்டை ஆலன் கீயால் முறுக்கி முடித்து, ஒரு இழு இழுத்துப் பார்த்தேன். ஹோல்டும் நட்டுமாகக் கையோடு வந்துவிட்டது.

தூத்துக்குடி துறைமுக ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் எடுத்த வேலை அது. கப்பல் எஞ்சினியர் ஜெரால்டு, தன் மகள் ஷைனி சுவர் ஏறும் போட்டிக்குப் பழகுவதற்காக, வீட்டு மாடியில் மரச்சுவர் ஒன்று போட்டார். சாய்வான சட்டத்தில் கனமான பிளைவுட். அதில் கையும் காலும் வைத்து ஏற ஹோல்டுகள். மறுநாள் அவர் கப்பலுக்குக் கிளம்ப வேண்டும்.

"நான் தொங்கிப் பாக்காம எம்புள்ள இதுல கால் வைக்கக் கூடாது அண்ணாச்சி. இன்னைக்கு முடியலன்னா நான் திரும்பி வாரவரைக்கும் அது சும்மா நிக்கட்டும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஷைனியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பலகை வேலை சூசையுடையது. ஆயுசு முழுக்கத் தோணி கட்டியவர். ஹோல்டின் போல்ட்டைப் பிடிக்கும், மரத்தைக் கவ்வப் பல் வைத்த டி-நட்டைப் பலகையின் பின்பக்கமிருந்து அடிக்க வேண்டும். அப்போதுதான் மேலே ஆள் தொங்கத் தொங்க நட்டு மரத்துக்குள் இறுகும். இவரோ எல்லாவற்றையும் முன்பக்கம் அடித்து, நீலப் பெயிண்டும் பூசி, ஒரு மீனும் வரைந்து வைத்திருந்தார்.

"என்னவே இது? புள்ள விழுந்தா யாருவே பதில் சொல்லுவா?" என்று கத்தினேன்.

"தோணிக்கு ஆணிய வெளிய இருந்துதானவே அடிப்போம்! தண்ணி வெளியதான இருக்கு?"

"இங்க ஏதுவே தண்ணி?"

அவர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். நட்டுகளைப் பிடுங்கினால் ஓட்டையெல்லாம் சிதையும். புதுப் பலகைக்கு நேரமில்லை. ஜெரால்டு சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கப் போனார்.

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி மெர்சி, தட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏன் அண்ணாச்சி இப்படி இடிஞ்சுபோய் இருக்கீய? சீலையை உள்பக்கம் வெளிய தெரியக் கட்டிட்டா அவுத்துத் திருப்பிக் கட்டுறதில்லையா? பலகையைத் திருப்பிப் போடுங்க."

அட, ஆமாம்! எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் அது ஏறவே இல்லை.

பலகைகளைக் கழற்றித் திருப்பினோம். சட்டத்தில் மோதிய ஒன்றிரண்டு நட்டுகளை மட்டும் எடுத்துவிட்டோம். "எம்மீனு போச்சே" என்று சூசை ஒருபக்கம் புலம்ப, நான் ஹோல்டுகளை முறுக்கினேன். ஒவ்வொன்றும் கிச்சென்று உட்கார்ந்தது. அப்பாடா என்றிருந்தது.

சாயங்காலம் ஜெரால்டு ஒவ்வொரு ஹோல்டிலும் இரண்டு காலையும் தூக்கித் தொங்கினார். எதுவும் அசையவில்லை. கையைத் தட்டிவிட்டு மகளைப் பார்த்தார்.

"ஏறுளா."

"நீங்க கப்பலுக்குப் போனப்புறமும் ஏறலாமாப்பா?"

"ஏறு."

சூசை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். சுத்தியலைத் தூக்குமுன் பாரம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கேளுங்கள். அப்புறம், மாட்டிய ஹோல்டில் முதலில் நீங்கள் தொங்குங்கள். உங்களைத் தாங்காததில் அடுத்தவர் பிள்ளையை ஏற்றாதீர்கள்.