நான் ‘அங்கே’ என்று சொன்ன பிற்பகல்

நான் செய்த பிழையை ஒரு பிற்பகலில் காரைக்கால்காரர்கள் செய்ததாகச் சொன்னேன். அதற்கு ஒரு சொல்லே போதுமாக இருந்தது. பாரிஸுக்கு வெளியே, புறநகர் ரயில் நின்று போகும் ஓர் ஊரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், காரைக்காலுக்குப் பெயர் கிடையாது. ‘லா-பா’ என்பார்கள். ‘அங்கே’ என்று பொருள். “லா-பா இப்போது மணி என்ன?”, “லா-பா மழையா?” என்று காபி இயந்திரத்தின் அருகே நின்று அன்போடுதான் கேட்பார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சொல் காதில் விழும்போது, நான் எங்கே நிற்கிறேன் என்று ஒரு கணம் தடுமாறுவேன். அன்று என் மேலாளர் ஃபிலிப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, “நீயா, லா-பாவா?” என்று கேட்டார். நான் தடுமாறவில்லை. “லா-பா” என்றேன்.

என் வேலையை ஊரில் இருப்பவர்களுக்கு எப்போதும் திருநள்ளாற்றை வைத்துத்தான் விளக்குவேன். சனிப்பெயர்ச்சிக் கூட்டத்துக்கு அறை போதாமல், என் மாமா தன் லாட்ஜின் பெரிய கூடத்தைத் தட்டி கட்டித் தடுத்துப் பத்துக் குடும்பங்களுக்கு விடுவார். தட்டிக்கு இந்தப்பக்கம் இருப்பவர்களுக்கு அந்தப்பக்கம் தெரியாது. ஒவ்வொரு குடும்பமும் அது தன் தனி அறை என்றே நினைத்துக்கொள்ளும். ஒரு சர்வருக்குள் பத்து மெய்நிகர் கணினிகள் ஓடுவதும் அப்படித்தான். நாங்கள் சுற்றுவட்டார நூலகங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அப்படிப்பட்ட கணினிகளைப் பராமரித்தோம். இரண்டாயிரங்களின் பிற்பகுதியில் எங்கள் நிறுவனம் வேறு இரண்டு நிறுவனங்களோடு இணைந்தபோது சிக்கல் வந்தது. அவர்களுடைய மெய்நிகர் தளங்கள் வேறு, எங்களுடையது வேறு. மூன்று லாட்ஜ்கள், மூன்று பேரேடுகள், மூன்று விதமான பழக்கங்கள். என் திரையில் சிவப்பு என்றால் கணினி நின்றிருக்கிறது. அடுத்த திரையில் சிவப்பு என்றால் ஆபத்து. மேசையில் மூன்று திரைகளை வைத்துக்கொண்டு கழுத்து வலியோடு வீடு திரும்புவேன்.

அப்புறம் ஒரு கன்சோல் வந்தது. மூன்று தளங்களின் கணினிகளையும் ஒரே திரையில், ஒரே பட்டியலில் காட்டியது. எந்தக் கணினி யாருடைய சர்வரில் ஓடுகிறது என்பதே மறைந்துபோயிற்று. அந்த வயதில் புதிதாக ஒன்றைக் கற்று மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவன் என்ற பெருமை எனக்கு இருந்தது. ஒரே திரை என்றான பின் உட்காரும் இடம் எதுவானால் என்ன என்று ஃபிலிப்பிடம் கேட்டதும் நான்தான். இங்கே விடிவதற்குள் அங்கே பாதிக் காலை போயிருக்கும், நாம் வருவதற்குள் அவர்கள் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருப்பார்கள் என்றேன். காரைக்கால் பாரதியார் சாலையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இரண்டு பேரோடு அலுவலகம் திறந்தது. பத்தொன்பது வயதில், என் அப்பா விடாமல் வைத்திருந்த பிரெஞ்சுக் குடியுரிமையோடு அந்தச் சாலையிலிருந்துதான் நான் பஸ் ஏறினேன். என்னால் அங்கே இரண்டு வேலைகள் உண்டாயின என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

அந்த இருவரில் மூத்தவர் பூங்கொடி. காரைக்காலை அடுத்த மீனவ ஊரான கோட்டுச்சேரிமேட்டுப் பெண், முப்பது வயதைத் தாண்டியவர். அப்பாவுக்குச் சொந்தத்தில் ஒரு பைபர் போட் உண்டு. இணைந்து வந்த நிறுவனங்களின் தளங்களை எங்கள் அலுவலகத்தில் எவரையும்விட அவர் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். ஆளுக்கொரு பெயரில் கன்சோலுக்குள் நுழைய வேண்டும் என்று முதல் வாரமே எழுதினார். பிறகு பார்ப்போம் என்றேன். அவசரத்தில் பூங்கொடி, அவருடைய சகா பஷீர், நான், மூவரும் ‘அட்மின்’ என்ற ஒரே பெயரில்தான் உள்ளே போனோம். யார் எதைச் செய்தாலும் பதிவேட்டில் அட்மின்தான்.

ஒரு கோடையில், பிற்பகல் இரண்டு மணிக்கு, பட்டியலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பல நாட்களாக அசையாமல் இருந்ததுபோலத் தெரிந்த ஒரு கணினியைத் தேர்ந்து, நீக்கச் சொன்னேன். என் பழைய தளத்தில் அப்படிச் செய்தால் பட்டியலிலிருந்து பெயர் மட்டும் போகும், கோப்புகள் அப்படியே இருக்கும். லாட்ஜில் பேரை அடித்துவிட்டு மூட்டையைப் பத்திரமாக வைத்திருப்பதுபோல. இந்தக் கன்சோலோ மூட்டையையும் சேர்த்துத் தெருவில் எறிந்துவிடும். ‘நிச்சயமா?’ என்று திரை கேட்டது. முப்பது ஆண்டுப் பழக்கத்தில் ஆம் என்று அழுத்தினேன். அது ஒரு முதியோர் இல்லத்தின் உணவுப் பட்டியல் இருந்த கணினி. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு உப்பு ஆகாது என்பதெல்லாம் அதில்தான். மூன்று வாரத்துக்கு முந்தைய நகல் ஒன்று கிடைத்தது. மீதியை அந்த இல்லத்துச் செவிலியர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து கையால் எழுதினார்கள். நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஃபிலிப் கேட்டார், நான் அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னேன். ஓய்வுக்கு ஓர் ஆண்டு சொச்சம்தான் இருந்தது. புதிய கருவி கிழவனுக்கு வசப்படவில்லை என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு வருவதை நான் விரும்பவில்லை. இதற்கு மேல் நியாயம் எதுவும் என்னிடம் இல்லை. அறிக்கையையும் நானே எழுதினேன்: ‘காரைக்கால் அலுவலகத்திலிருந்து செய்யப்பட்ட தவறான செயல்’. கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த நாள் பூங்கொடியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர்கள் இணையத் தொடர்பு அறுந்தால் ஒரு நீள நோட்டில் நேரம் குறித்துவைப்பார்கள். அந்தப் பக்கத்தை நகலெடுத்து அனுப்பியிருந்தார். சம்பவத்தன்று மாலை ஐந்திலிருந்து ஆறேகால்வரை காரைக்காலில் தொடர்பே இல்லை. எங்கள் இரண்டு மணி அவர்களுக்கு ஐந்தரை. அவர்களால் அந்தக் கணினியைப் பார்த்திருக்கவே முடியாது. நான் படித்தேன். யாருக்கும் அனுப்பவில்லை. இரண்டு மாதத்தில் காரைக்கால் அலுவலகம் மூடப்பட்டது. பஷீர் துபாய்க்குப் போனார். அந்த அறிக்கையின் வரி பூங்கொடியின் பணிச் சான்றிதழிலும் ஏறியது.

அடுத்த ஆண்டு என் தங்கையைப் பார்க்கக் காரைக்கால் போயிருந்தபோது, ஒரு காலையில் மார்க்கெட்டில் சங்கரா மீன் வாங்க நின்றேன். கூடைக்காரம்மா என் சட்டையையும் பேச்சையும் பார்த்துவிட்டு, “எந்த ஊருங்க?” என்றார். சொன்னேன்.

“பிரான்ஸா? எங்க கோட்டுச்சேரிமேட்டுப் பொண்ணு ஒன்னு அந்த ஊரு மெஷினத்தான் ஒரே அமுக்குல அழிச்சுப்புட்டு வீட்டுல குந்தியிருக்கு. நீங்க பயப்படாம மீன வாங்குங்க, இது அழியாது.”

பக்கத்துக் கூடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் என்னைப் பிடித்து உலுக்கியது. மீனைத் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டு, அன்றே ஆட்டோ பிடித்துக் கோட்டுச்சேரிமேடு போனேன்.

பூங்கொடியின் அப்பா வாசலில் சாக்கை விரித்துப் போட்டின் எஞ்சினைப் பிரித்துவைத்திருந்தார். பூங்கொடி நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்காராமலே சொல்லிவிட்டேன்: அழித்தது நான், பழியை உங்கள்மேல் போட்டதும் நான்.

“தெரியும் சார்,” என்றார் பூங்கொடி.

“எப்படித் தெரியும்?”

“மூணு பேருதானே அந்தப் பேருல உள்ள போவோம். நாங்க ரெண்டு பேரும் நெட் இல்லாம கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்தோம். அப்பறம் யாரு? மெயில் அனுப்புனேன். நீங்க படிச்சதுக்கு ரசீது வந்துச்சு. அதுக்கு மேல என்னத்தக் கேக்குறது?”

அப்பா ஸ்பார்க் பிளக்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை. “இத எங்க வாசல்ல வந்து சொல்லி என்னங்க ஆவப் போவுது? கரையில பேசுறவன் வாய நான் பாத்துக்குறேன். இவ பேரு எங்க கெட்டுச்சோ அங்க போயி சொல்லுங்க.”

“அப்பா, சும்மா இருங்க,” என்றவர் என்னைப் பார்த்தார். “எனக்கு ஒரு காயிதம் வேணும் சார். பிரெஞ்சுல, கம்பெனி முத்திரையோட. இங்க ஒரு காலேஜுல ரெண்டு கம்பெனிக்காரன் ரெண்டு விதமா சர்வர் வச்சுட்டுப் போயிட்டான். ரெண்டையும் ஒன்னா பாத்துக்க ஆள் தேடுறாங்க. எனக்குத் தெரிஞ்ச வேலை. சர்டிபிகேட்ல அந்த வரிய பாத்துட்டு யோசிக்கிறாங்க. ஒரு மாசத்துல முடிவு பண்ணிடுவாங்க.”

“வாங்கி அனுப்புகிறேன்,” என்றேன்.

“டீ குடிச்சுட்டுப் போங்க,” என்றார் அப்பா, இன்னும் நிமிராமல்.

திரும்பி வந்த மறுநாளே ஃபிலிப்பின் அறைக்குப் போனேன். நான்தான் அழித்தேன், அதைச் சொல்லிப் பூங்கொடிக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து என் தோளில் கைவைத்தார். விடுமுறையில் போய்ச் சொந்த ஊர்க்காரர்களைப் பார்த்து மனம் இளகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். “உங்கள் ஆட்கள்மேல் உனக்கு இருக்கும் விசுவாசம் அழகானது. ஆனால் அவர்களுக்காக நீ பழி சுமக்க வேண்டியதில்லை,” என்றார். மூன்று முறை சொன்னேன். சொல்லச் சொல்ல என்மேல் மதிப்புத்தான் கூடியது. நான் பொய் சொன்னபோது உடனே நம்பியவர், உண்மையைச் சொல்லும்போது அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். என்மேல் அவருக்கு இருந்த நல்லெண்ணத்தைக் கெடுக்காமல் பூங்கொடிக்கு நியாயம் கிடைக்க வழியில்லை என்பது அந்த நாற்காலியில்தான் எனக்குப் புரிந்தது. என் மேசைக்குப் போய், பூங்கொடியின் மின்னஞ்சலையும் நோட்டுப் பக்கத்தையும் அச்செடுத்துக் கொண்டுவந்து அவர் முன் வைத்தேன். நீல மையில் குண்டு குண்டாக நேரம் எழுதியிருந்தது. மின்னஞ்சலின் தேதியைப் பார்த்தார்.

“இது உன்னிடம் இருந்ததா?”

“இருந்தது.”

இந்த முறை அவர் கை என் தோளுக்கு வரவில்லை. தாளை என் பக்கம் தள்ளி, “கடிதத்தை நீயே எழுது. அந்த அறிக்கையையும் நீதானே எழுதினாய்,” என்றார்.

எழுதினேன். ஆனால் முத்திரை என் கையில் இல்லை. பழைய அறிக்கையைத் திருத்த மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார்கள். ஒரு வாரம் இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. என் கடவுச்சொல்லை நான் ஒப்புக்கொண்ட அன்று மாலையே ரத்துசெய்துவிட்டார்கள். ஓய்வுக்கு மிச்சமிருந்த நான்கு மாதமும் பழைய கோப்புகளுக்குச் சீட்டு ஒட்டினேன். எல்லோருக்கும் கடைசி நாளில் வைக்கும் சிறு விருந்து எனக்கு வைக்கப்படவில்லை. ஃபிலிப் மட்டும் படியருகே வந்து கைகொடுத்தார். அது நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

கடிதம் காரைக்காலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கல்லூரி முடிவெடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. வேலையைச் சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பூங்கொடியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“பரவால்ல சார், காயிதம் வந்துடுச்சுல்ல. அப்பா டவுனுக்குப் போயி, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த ஒரு தாத்தாவக் கூட்டியாந்து கரையில எல்லார் முன்னாடியும் படிக்க வச்சுட்டாரு. மொத பிரெஞ்சுல, அப்பறம் தமிழ்ல. ஒருத்தனுக்கும் ஒன்னும் புரியல, ஆனா முத்திரைய நல்லா பாத்தானுவ. இப்ப லேமினேட் பண்ணி வச்சிருக்காரு. மீன் கை படுதாம்.”

சில மாதங்கள் போயின. சென்னை நிறுவனத்துக்கு ஒரு தளம்தான் தெரிந்திருந்தது. மற்றதில் தேர்வு நேரத்தில் ஏதோ நின்றுபோக, கல்லூரியிலிருந்து பூங்கொடியைக் கூப்பிட்டார்கள். முதலில் அந்த ஒன்றை மட்டும் கொடுத்தார்கள், பிறகு இரண்டையும். அவர் இரண்டையும் ஒரே கன்சோலுக்குள் கொண்டுவந்தார். இப்போது மருந்துக் கடையின் அதே மாடியில் அவருடைய சொந்த அலுவலகம். உதவிக்கு மண்டபத்தூர்ப் பெண் ஒருவர். நான் ஏதாவது உதவ முடியுமா என்று கேட்டு எழுதினேன். பத்து நாள் பதில் இல்லை. பிறகு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வந்தன. என் முழுப் பெயர், வேறு யாரும் நுழையாத பெயர்.

நுழைந்து பார்த்தேன். கல்லூரியின் கணினிகள் எல்லாம் வரிசையாகப் பச்சையில் இருந்தன. பொத்தான்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தன. எதை அழுத்தினாலும் எதுவும் நடக்கவில்லை. பூங்கொடியை அழைத்துக் கேட்டேன்.

“பாக்க மட்டும்தான் சார். தொடணும்னா சொல்லுங்க, நான் தொடுறேன்.”

அது சரிதான் என்று பட்டது. அன்றிலிருந்து தினமும் பார்க்கிறேன். முதல் சில முறை ஏதாவது மஞ்சளாகத் தெரிந்து நான் கூப்பிட்டால், “நேத்தே பாத்துட்டேன் சார்” என்பார். போன மாதம் நூலகக் கணினியின் வட்டு நிரம்பிவருவதைச் சொன்னபோதுதான், சற்று நேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டு, “அட, ஆமா” என்றார். பின்னணியில் மண்டபத்தூர்ப் பெண்ணின் குரல் கேட்டது: “யாருக்கா அது, மூணாவது பேரு?”

“அங்கேருந்து பாக்குறவரு,” என்றார் பூங்கொடி.

இன்று காலையும் நுழைந்தேன். பதிவேட்டில் பூங்கொடியின் பெயருக்கும் அந்தப் பெண்ணின் பெயருக்கும் கீழே என் பெயர் விழுந்தது. நேரத்தைக் கன்சோல் காரைக்கால் கணக்கில் எழுதும்: முற்பகல் பதினொன்றரை. என் சன்னலுக்கு வெளியே இன்னும் விடியவில்லை. தெருவிளக்கின் கீழே பக்கத்து வீட்டுக்காரர் தன் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.