அம்மாவின் இடக்கையும் ஒரு தேசிக்காயும்

அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்து, இருந்து சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் அயலவர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். என்னை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்தே எனக்கு வாய்க்காரி என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போன பிறகு அந்தப் பெயர் இன்னும் உறுதிப்பட்டது. அதிபரோடும் வாதாடுவேன், பஸ்ஸில் மிச்சக் காசு தராத கொண்டக்டரோடும் வாதாடுவேன். அப்படிப்பட்ட நான் ஒரேயொரு விடயத்தில் மட்டும் முப்பத்தெட்டு வருடமாக வாய் திறக்கவில்லை. அதை இங்கே எழுதத்தான் பேனையை எடுத்தேன். என்றாலும் அம்மாவின் வாழ்க்கையை முறைப்படி முதலில் சொல்ல வேண்டும்.

அம்மா செட்டிபாளையத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. எங்கள் பகுதி வழக்கப்படி கலியாணம் முடித்து அம்மா எங்கும் போகவில்லை, அப்பாதான் கல்லடியிலிருந்து அம்மாவின் வீட்டுக்கு வந்தார். ஆகவே பிறந்த வளவிலேயே வாழ்ந்து, அதே வளவிலிருந்துதான் அம்மாவின் கடைசிப் பயணமும் புறப்பட்டது.

அப்பாவுக்கு வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வட்டையில் கொஞ்சம் வயல் இருந்தது. வெள்ளாமை வெட்டுக் காலத்தில் தோணியில் திரும்பி வரும்போது கழுத்து, முதுகு, தொடை எல்லாம் நெல்லுச் சுணை ஏறிச் சிவந்திருக்கும். அப்பா தூணில் முதுகைத் தேய்ப்பார். அம்மா கத்துவார்: "தேய்க்காதீங்க! தோலு போனா ஆரு தாறது?" பெரிய பானையில் வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்து, ஆற விட்டு, கிணற்றடியில் நிறுத்தி ஊற்றுவார். பிறகு தேங்காயெண்ணெய். அம்மாவின் வைத்தியம் அப்பாவின் முதுகில்தான் தொடங்கியது.

பிறகு அயலில் இருந்தும் வரத் தொடங்கினார்கள். இராத்திரி நுளம்பு கடித்துச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்ட பிள்ளைகள், முருங்கை மரத்தில் ஏறி மயிர்க்கொட்டிப் புழு பட்ட பொடியன்கள், கடலில் சொறிமுட்டை என்னும் இழுதுமீன் பட்டுத் துடித்துக்கொண்டு வரும் கரைவலைக்காரர்கள். மயிர்க்கொட்டி என்றால் முதலில் பிளாஸ்ரரை ஒட்டி உரித்து மயிரை எடுப்பார், அதன் பிறகுதான் சவர்க்காரமும் தண்ணீரும். வெயில் பட்டுக் கன்றிய தோலுக்குக் கற்றாழைச் சோறு. நுளம்புக்கடிக்கு வேப்பிலையும் பச்சை மஞ்சளும் அரைத்த பூச்சு. எல்லாவற்றுக்கும் முதல் மருந்து குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணி. "சொறியாத மனே, சொறியாம இருக்கிறதுதான் பாதி மருந்து" என்று கையைப் பிடித்துக்கொண்டே இருப்பார். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ அம்மா இலை பறிக்கவே போக மாட்டார். "நிக்காதீங்க, ஆசுபத்திரிக்கு ஓடுங்க" என்று வாகனம் பிடிக்கத் தானே றோட்டுக்கு ஓடுவார்.

கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழிக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருந்தோம். பிள்ளைகளுக்கு விரலிடுக்கெல்லாம் சொறி கண்டது. இலை அரைத்துத் தரச் சொல்லி அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அம்மா ஒரு பிள்ளையின் கையை விரித்துப் பார்த்துவிட்டு, "இது என்ட கையில இல்ல, டொக்டர்ட கையில" என்றார். கிளினிக்கில் தந்த மருந்தை வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும், உடுப்பெல்லாம் கொதிநீரில் போட வேண்டும் என்று வகுப்பறை வகுப்பறையாகப் போய்ச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அம்மா வெட்கப்பட்டதே இல்லை. வாத்தியார்மார் எங்களுக்கே அது வராது.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது, உங்களில் பலர் அதைப் பகிடி பண்ணியிருக்கிறீர்கள். ஒரு புது இலையை யாராவது சொன்னால், முதலில் தன் இடக்கையில் பூசி ஒரு நாள் பார்த்த பிறகுதான் மற்றவர் மேல் வைப்பார். "அவட இடக்கைதான் நம்மட ஊரு ஆசுபத்திரி" என்று அப்பாகூடச் சொல்லிச் சிரிப்பார். இன்னொன்று, கடி என்று யார் வந்தாலும் போகும்போது எலுமிச்சையைப் பற்றி அம்மா ஒன்றைச் சொல்லாமல் விட மாட்டார்: "தேசிக்காய் மட்டும் பூசிராதீங்க. பூசினா வெயிலுக்குப் போகாதீங்க." ஏன் என்று கேட்டால், "தோலு வெந்திரும்" என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால் வேறு கதைக்குப் போய்விடுவார்.

எப்படித் தெரியும் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

எனக்குப் பதினொரு வயது, தங்கச்சிக்கு ஆறு. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் சடங்கு. காத்தான்குடியில் வாங்கிய வெள்ளைத் துணியில், சின்னச் சின்ன ரோசாப் பூப் போட்டது, எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரிச் சட்டை தைத்திருந்தார்கள். அந்தச் சட்டைக்காக நான் ஒரு மாதம் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா விடியற்காலையிலேயே கோயிலுக்குப் பொங்கல் வேலைக்குப் போய்விட்டார். போகும்போது, "தங்கச்சிட கழுத்தெல்லாம் நுளம்பு கடிச்சிரிக்கு. மருந்து அரைச்சு வச்சிரிக்கன், பூசிக் காய விட்டுக் கூட்டிட்டு வா" என்று சொல்லிப் போனார். வீட்டில் நின்ற மற்றவர்களும் கூடவே கிளம்பினார்கள்.

பூசினேன். மஞ்சள் கழுத்திலிருந்து வழிந்து சட்டையின் கழுத்துப் பட்டியில் ஒரு சொட்டுப் பட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி நிற்க வேண்டும், என்னுடையது வெள்ளையாகவும் அவளுடையது மஞ்சளாகவும் இருந்தால் என்ன வடிவு? ஈரத் துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன். கறையைப் போக்கக் குசினியில் இருந்த தேசிக்காயை வெட்டித் தேய்த்தேன். கறை மங்கியது. அதே தேசிக்காயைக் கடித்த இடங்களிலும் தேய்த்தேன். அப்பா எறும்பு கடித்தால் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். தங்கச்சி, "எரியுது அக்கா" என்றாள். "எரிஞ்சாத்தான் மாறும்" என்றேன். சாறு கன்னத்தடியிலிருந்து கழுத்து வழியே நெஞ்சுக்கு வழிந்தது. கழுவவில்லை. வெள்ளைச் சட்டையோடு இரண்டு பேரும் கோயில் வீதியில் பகல் முழுக்க வெயிலில் நின்றோம்.

மறுநாள் அவள் கழுத்து சிவந்தது. அடுத்த நாள் கொப்புளம் போட்டது. சாறு வழிந்த வழியே, கோடு கோடாக.

ஊரே பயந்தது. அம்மாள் போட்டிருக்கிறாள், அம்மை என்றார்கள். அது அம்மாள் வருத்தம் இல்லை என்று ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்போது அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, சடங்குக்கு வந்து எங்கள் வீட்டில் நின்றார். வளவு நிறையச் சனம் இருக்கும்போது அவர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "வேப்பிலையும் மஞ்சளும் அம்மாளுக்குரிய பொருள். மாதத் துடக்குக் கையால அரைச்சுப் புள்ளைக்குப் பூசினியா?"

அம்மா இல்லை என்று சொன்னார். ஒரு தரம்தான் சொன்னார். யாரும் நம்பவில்லை. பொம்பிளைப் பிள்ளையின் கழுத்தைக் கெடுத்தவள் என்ற பேச்சு அன்று தொடங்கியது. நான் தூணுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கோடு கோடாக இருந்தது ஏன் என்று அந்த வளவில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். வாய்க்காரி வாயே திறக்கவில்லை.

அடுத்த வைகாசியில் அம்மா மடிப்பிச்சை நேர்ந்தார். சேலைத் தலைப்பை மடியாக ஏந்தி, வீடு வீடாக அரிசி வாங்கி, கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த வருடத்தோடு நிற்கவும் இல்லை. கால் நடக்கும் வரை ஒவ்வொரு வைகாசியும் போனார். கல்லடியில் மாமியின் வாசலுக்கு மட்டும் போகவில்லை. "என்ன நேத்தி, புள்ள?" என்று கேட்டவர்களுக்கு அம்மா ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போவார். தங்கச்சியின் கழுத்துக் கறுப்பு நாலைந்து வருடத்தில் மங்கியது. சொறிந்து புண்ணான ஒரு இடத்தில் மட்டும் இன்றும் மெல்லிதாகத் தெரியும்.

கடைசி இரண்டு வருடம் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்க வாரம் இரண்டு முறை போய் வந்தோம். அந்த வருத்தத்தோடு ஒரு அரிப்பும் வந்தது. வெளியே ஒன்றும் இராது, உள்ளே இருந்து அரிக்கும். வேப்பந்தண்ணீரும் கேட்கவில்லை, கற்றாழையும் கேட்கவில்லை. கிளினிக்கில் தந்த மருந்து கொஞ்சம் அடக்கியது. "ஊருக்கெல்லாம் பூசி விட்டன், எனக்கு ஒண்டும் கேக்குதில்ல பார்த்தியா" என்று ஒரு நாள் சொன்னார். அம்மா தன்னைப் பற்றிக் குறைசொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

ஒரு பின்னேரம் அம்மாவின் கைகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். இடக்கையில், முழங்கைக்குக் கீழே, வெளிறிய தழும்பு ஒன்று. சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், அடுப்பில் சுட்டது என்று அம்மா சொல்லியிருந்தார். அன்றுதான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலே அகலமாகத் தொடங்கி, மணிக்கட்டுப் பக்கம் இரண்டு கோடாக இறங்கியது.

"இது அடுப்பில சுட்டதாம்மா?"

"அடுப்பு இப்பிடி ஒழுகுமா மனே?"

நான் எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "சடங்கு முடிஞ்ச கிழம என்ட மருந்தப் பூசிட்டுக் கிணத்தடி வெயில்ல இருந்து பார்த்தன். ஒண்டும் வரல்ல. மறுகா யோசிச்சன். சடங்கண்டைக்குக் குசினிக்குள்ள பிழிஞ்ச தேசிக்காத் தோலு கெடந்திச்சு. அதப் பூசிட்டுத் திரும்பவும் வெயில்ல இருந்தன். ரெண்டாம் நாள் கொப்புளம் போட்டிச்சு."

வீட்டில் அன்று இருந்தது நானும் தங்கச்சியும் மட்டும். அம்மாவுக்கு அது தெரியும்.

"மாமிக்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா. ஏன் சொல்லல்ல?"

"என்னப் பறைஞ்சா நான் தாங்குவன். உன்னப் பறைய விட்டா, நீ கலியாணம் முடிக்கிற மட்டும் பறைவாங்க. பதினொரு வயசுப் புள்ள நீ." பிறகு, "நல்லதுக்குத்தானே பூசின" என்றார்.

நல்லதுக்குப் பூசவில்லை, சட்டைக்காகப் பூசினேன். அதை அம்மாவிடம் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அம்மா எண்ணெய்க் கையால் என் தலையைத் தடவினார். "அது வடிவான சட்டதான்" என்றார். எல்லோரிடமும் சொல்லப்போகிறேன் என்றேன். "வேணாம், விடு" என்றார். அதன் பிறகு ஐந்து வாரம்தான் இருந்தார்.

அம்மாவின் சொல்லை நான் மீறுகிறேன். இதை அச்சுக்குக் கொடுக்க முதல் தங்கச்சியிடம் வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தாள். "போங்கக்கா, எனக்கு எரிஞ்சது ஞாபகமே இல்ல" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அம்மாட்ட எத்தின தரம் கேட்டிருப்பன், என்னத்தயம்மா என்ட கழுத்தில பூசினீங்க எண்டு. ஏசியும் இருக்கன். ஒரு நாளும் ஒரு சொல்லுச் சொல்லல்லையே." அவள் அழுது முடியும் வரை நான் பக்கத்தில் இருந்தேன். அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்கவில்லை. அவள் எப்போது சொல்ல நினைக்கிறாளோ அப்போது சொல்லட்டும்.

அம்மாவின் இறுதிக் காலத்தில் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்லாமல் முடிக்கக் கூடாது. சுத்திகரிப்புப் பிரிவில் அம்மாவின் நகத்தைக்கூடப் பார்த்து வெட்டிவிட்ட தாதியருக்கும், வைத்தியர்களுக்கும், வாரம் இரண்டு முறை வீட்டு வாசலுக்கே வந்து அம்மாவைத் தூக்கி ஏற்றிய காத்தான்குடி ஆட்டோத் தம்பிக்கும், கேட்காமலே வேப்பிலை ஒடித்துக் கொண்டுவந்து தந்த அயலவர்களுக்கும், பந்தலும் அடுப்பும் பார்த்த இளைஞர்களுக்கும், இங்கே பெயர் சொல்ல விட்டுப்போன ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மாமியிடமும் போனேன். அவருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டதால் இதை நானே உரத்து வாசித்தேன். "துடக்குக் கை" என்ற இடத்தையும் விடாமல் வாசித்தேன். முடிந்ததும் மாமி என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அவட நேத்திய இனி ஆரு எடுக்கிற?"

"நான்தான் மாமி."

"அப்ப என்ட வாசலுக்கு முதல் வா. அரிசி நான் போடோணும்."

இன்றோடு அம்மா போன துடக்கு வருடம் எங்களுக்கு முடிகிறது, இனிக் கோயிலுக்குப் போகலாம். வரும் வைகாசியில் கல்லடியில் மாமியின் வாசலில் தொடங்கி, அம்மா நடந்த வழியே மடியேந்தி வருவேன். உங்கள் வாசலிலும் வந்து நிற்பேன். என்ன நேத்தி என்று யாராவது கேட்டால், அம்மாவைப் போலச் சிரித்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போக மாட்டேன். நின்று சொல்லுவேன்.