கணினியைக் கூட்டித் துடைத்த கதை

டிசைன் தொழிலில் வேலை முடிந்தது என்பது ஒருநாளும் கிடையாது. கோப்பின் பெயர்தான் மாறிக்கொண்டிருக்கும். "ஃபைனல்" என்று பெயர் வைத்துவிட்டு, பிறகு "புது ஃபைனல்", "உண்மையான ஃபைனல்" என்று வைத்தவர்களுக்கு இது விளங்கும். மானிப்பாயில் நான் நடத்துகிற சின்னக் கடையில் கல்யாண அட்டை முதல் அஞ்சலிப் பதாகை வரை எல்லாம் ஒரே கணினியில்தான். ஒருநாள் அது, இனி ஒரு படத்துக்கும் இடமில்லை என்று மறுத்துவிட்டது. பல வருடமாக என்னோடு வேலை செய்யும் ரஞ்சனும் நானும் துப்புரவில் இறங்கினோம்.

பெயர் வைத்த பாவம்

ரஞ்சனுக்கு வாடிக்கையாளர்களின் பெயர் நினைவில் நிற்காது, குணம் நிற்கும். ஆகவே ஃபோல்டர்களுக்குக் குணத்தையே பெயராக வைத்திருந்தான். "அவசரக்கார அன்ரி", "எழுத்துப்பிழை மாஸ்டர்", இப்படி. அவற்றை முறையான பெயர்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, இணுவிலிலிருந்து ஒருவர் வந்து பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு திருவிழா நோட்டீசிலும் உபயகாரர் பெயர்களை மேலும் கீழும் மாற்றச் சொல்லி எங்களை வாட்டுகிறவர். போன வருடத்து நோட்டீஸ் வேண்டுமாம். அவருடைய ஃபோல்டர் திரையின் நடுவிலேயே இருந்தது. நான் அதைக் காணாதது போல வேறெங்கோ தேடினேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவர் விரலை நீட்டினார்.

"பிள்ளை, 'கரைச்சல் ஐயா' எண்டு ஒண்டு கிடக்கெல்லே, அதைத் திறவும். என்ரை நோட்டீஸ் அதுக்குள்ளைதான் இருக்கும்."

குழம்பிய கல்யாணம்

அட்டை அச்சாகும் முன்பே ஒரு கல்யாணம் குழம்பி நின்றுபோனது. அந்தக் கோப்பைக் கண்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. பாவம், அந்தப் பெண்ணின் பெயர் இதில் கிடக்க வேண்டாம் என்று, பெரிய நல்ல காரியம் செய்கிற நினைப்பில் அழித்தேன். சில நாட்களில் பெண்ணின் தாய் சிரித்த முகத்தோடு வந்தார். வேறு இடத்தில் பொருந்திவிட்டது, அதே அட்டையில் மாப்பிள்ளை வீட்டுப் பெயர்களையும் திகதியையும் மாற்றினால் போதும் என்றார். அழித்துவிட்டேன் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கலியாணம்தானே பிள்ளை குழம்பினது? கார்ட் வடிவாத்தானே இருந்தது, அதை ஏன் அழிச்சனீர்?"

திருத்தாத படம்

கொழும்புத்துறையிலிருந்து ஒரு கடற்றொழிலாளி வந்தார். மனைவி இறந்து ஒரு வருடம், ஆட்டைத் திவசம் வருகிறது. அந்த அம்மாவின் அஞ்சலிப் பதாகையைப் போன வருடம் நாங்கள்தான் செய்தோம். அதற்காக அவர் தந்த படம் வேண்டும். அது இருந்த போன் கடலில் விழுந்துவிட்டது. திருத்தாத பழைய படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை முழுதாக அழிக்கும்படி ரஞ்சனிடம் சொல்லியிருந்தேன்.

"பதாகையிலை போட்ட படம் இருக்கு அண்ணை, அதைத் தரட்டோ?" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். போகவும் இல்லை.

ரஞ்சன் தலையைச் சொறிந்தான். "அக்கா, நீங்கள் அழிக்கச் சொன்னனீங்கள்தான். பஞ்சியிலை விட்டிட்டன்." லாச்சியைத் திறந்து டிஸ்க்கை எடுத்துத் தந்தான். ஒருவருடைய சோம்பலுக்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னது அன்றுதான்.

படம் திறந்தது. ஏதோ வீட்டுக் கொண்டாட்டத்தில், முன்பல் தெரிய, கண்ணை இடுக்கிச் சிரிக்கிற பெண். அந்தப் பல்லை உள்ளே தள்ளி, சிரிப்பைக் குறைத்து, முகத்தை வெளுப்பாக்கி, பதாகையில் நாங்கள் காட்டிய கைவண்ணம் நினைவுக்கு வந்தது. எல்லோரும் பாராட்டிய வேலை. அவர் திரைக்குக் கிட்டக் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இதுதான் தங்கச்சி என்ரை மனிசி. பதாகையிலை நிண்டது ஆரெண்டு எனக்கு இண்டைவரைக்கும் தெரியேல்லை."

இப்படியாக எங்கள் துப்புரவு இனிதே நிறைவேறியது: இடம் போதாமல் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கினோம்.