படகு நன்றாக ஓடுகிறது

கையில் கோப்புக் கட்டை வைத்துக்கொண்டு யாராவது கேள்வி கேட்டால் என் வாய் தானாகவே "துத்தோ அ போஸ்தோ" என்று சொல்லிவிடும். எல்லாம் சரி, ஒரு குறையும் இல்லை என்று பொருள். பலெர்மோவுக்கு வந்து நான் ஒழுங்காகப் படித்த முதல் இத்தாலிய வசனம் அதுதான். இங்கே வசிப்பதற்கான அனுமதியை, பெர்மெசோவை, புதுப்பிக்கப் போனாலும் அதைத்தான் சொல்வேன், வீட்டுச் சொந்தக்காரன் வந்து கதவைத் தட்டினாலும் அதைத்தான் சொல்வேன். என்னோடு வேலை செய்த ஒருத்தி ஒரு அரசாங்கக் கந்தோரில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். வீடு மாறிவிட்டேன், வேலை நேரமும் குறைந்துவிட்டது என்று. அந்த உண்மைக்காக எட்டு மாதம் கடதாசிக் கட்டோடு அலைந்தாள், பாவம். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

நான் வாரத்தில் நான்கு நாட்கள் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை செய்கிறேன். சினோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் என் ஒற்றை அறையிலிருந்து நடந்தே போய்விடலாம். சினோரா படிப்பித்து ஓய்வு பெற்றவர். தூரதேசங்களில் கஷ்டப்பட்ட ஊர்களுக்குக் காசு திரட்டி உதவி செய்யும் ஒரு சின்ன அமைப்பில் அவர்தான் பொறுப்பு. ஒருநாள் நான் யன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது, உன் ஊர் எப்படிப்பட்டது என்று சும்மா கேட்டார். நானும் சும்மாதான் சொன்னேன். இலங்கையின் வடக்கில் கடலுக்குள் கிடக்கும் ஒரு மணல் துண்டு. ஆசுபத்திரி இல்லை. வருத்தம் என்றால் மீன்பிடி வள்ளத்தில் போட்டு அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். மழையென்றாலும் வெயிலென்றாலும் நோயாளி திறந்த வெளியில்தான் கிடக்க வேண்டும்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த வருடம் எங்கள் தீவுக்கு ஒரு படகு போய்ச் சேர்ந்தது. கூரை போட்டது, படுக்கை வைத்தது, ஒட்சிசன் சிலிண்டர் பூட்டியது. நோயாளரை ஏற்றுவதற்கென்றே செய்தது.

எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் போனது, மறைப்பானேன்? ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்தால், "இவதான் தீவுக்குப் படகு எடுத்துக் குடுத்தவ" என்று ஆட்கள் என்னைக் காட்டிக் கதைப்பார்கள். மற்றவர் வீட்டுக் கக்கூசு கழுவிக்கொண்டு திரிகிறவளுக்கு அது சின்ன விசயமா?

அங்கே அந்தப் படகைப் பொறுப்பெடுத்தது மாதர் சங்கம். சங்கத்தின் செயலாளர் என் தங்கச்சி. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு வருத்தம். காற்று மாறினால் நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும். அந்தப் படகில் முதலாவதாக அக்கரைக்குப் போன நோயாளியும் அவள்தான். போய் ஊசி போட்டுக்கொண்டு பின்னேரமே திரும்பி வந்து, "அக்கா, ராசாத்தி மாதிரிப் படுத்துக்கொண்டு போனனான்" என்று போனில் சிரித்தாள். நான் அன்று பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு அழுதேன்.

படகுக்குச் சங்கம் கையெழுத்து வைக்க வேண்டிய ஒப்பந்தக் கடதாசியையும் நான்தான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். முன் பக்கங்களைச் சொல்லுக்குச் சொல் எழுதினேன். பின்னால் இருந்த பக்கங்களைப் பார்த்தால் பொடி எழுத்து, இலக்கம், உட்பிரிவு. வேலை முடிந்து வந்த களைப்பில், "இது சும்மா சட்டக் கதை, கையெழுத்தை வைச்சு அனுப்பு" என்று தங்கச்சிக்குச் சொல்லிவிட்டேன். அவளும் வைத்து அனுப்பினாள். அக்கா சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

மூன்றாவது வருடம் சினோரா ஒரு செய்தி சொன்னார். படகு வேலையின் கோப்பை மூடப் போகிறார்களாம். மூடுமுன் ஊர்ப் பெண்களோடு வீடியோவில் ஒருமுறை கதைக்க வேண்டுமாம். அடுத்ததாக நல்ல தண்ணீருக்கு ஒரு திட்டம் யோசனையில் இருக்கிறது, அது அதற்குப் பிறகு தீர்மானமாகும் என்றார். எங்கள் தீவில் கிணறெல்லாம் உவர். குடிதண்ணீர் பவுசர் லொறியில் வந்து படகேறித்தான் வரும். இது சோதனை என்று என் புத்தி உடனே சொல்லிவிட்டது.

அன்றைக்கே தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். அவள் வேறு கதை வைத்திருந்தாள்.

"அக்கா, படகு எஞ்சின் பழுதாகி ரெண்டு மாசமாச்சு. கரையிலை இழுத்து வைச்சுக் கிடக்கு. மெக்கானிக் வந்து பாத்திட்டு பெரிய சாமான் மாத்த வேணும் எண்டிட்டுப் போட்டான். சங்கத்திட்டை எங்கை காசு? நான் வீடியோவிலை கதைக்கேக்கை சினோராவிட்டைச் சொல்லட்டே?"

எனக்கு வந்தது கோபம். "எடி விசரி, வாயை மூடிக்கொண்டு இரு! தந்ததையே வைச்சுப் பாக்கத் தெரியாத சனம் எண்டு எழுதிப்போடுவினம். பிறகு தண்ணிக்கு ஒரு சதமும் வராது. நான் எத்தினை வருசமா இவையளோடை கிடக்கிறன்? எனக்குத் தெரியாதே?"

"அப்ப பொய்யே சொல்லுறது?"

"கேட்டால் ஓம் எண்டு சொல்லு. படகைக் கழுவிப் பூ வைச்சு கமராவுக்குத் தெரிய விடுங்கோ. தண்ணி வேலை கைக்கு வரட்டும். பிறகு எஞ்சின் கதையை நான் பையச் சினோராவின்ரை காதிலை போடுறன்."

அவளுக்கு ஒரு இருமல் வந்து போனது. பிறகு, "சரி அக்கா. நீங்கள் சொன்னால் சரிதான்" என்றாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சினோராவின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தோம். நான் சீலை உடுத்திக்கொண்டு போயிருந்தேன். அந்தப் பக்கத்தில் கடற்கரை, முப்பது பெண்கள், நடுவில் தங்கச்சி. பின்னால் படகு பளிச்சென்று நின்றது. செவ்வரத்தம் பூவில் மாலை கட்டிப் படகின் முன்பக்க அணியத்தில் போட்டிருந்தார்கள். பெலிசீமா, பெலிசீமா என்று சினோரா கைதட்டினார். அவ்வளவு அழகாம். பார்க்க எனக்கே பெருமையாகத்தான் இருந்தது, வெட்கம் கெட்ட எனக்கு.

முதலில் யார் யாரை ஏற்றிப் போனீர்கள், பிள்ளைப்பேறு எத்தனை என்றெல்லாம் கேட்டார். முந்தி நடந்தவற்றைப் பெண்கள் சந்தோசமாகச் சொன்னார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. பிறகு சினோரா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, படகு நன்றாக ஓடுகிறதா, ஏதாவது பழுது இருந்தால் தயங்காமல் சொல்லச் சொல்லு என்றார்.

நான் தமிழில், "படகு நல்லா ஓடுதோ எண்டு கேக்கிறா" என்று மட்டும் சொன்னேன். பழுதையும் சொல்லவில்லை, தயங்காமல் என்பதையும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். தயங்காமல் என்று சொன்னால் அவள் சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

தங்கச்சி திரையில் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணால் ஒரு உருட்டு உருட்டினேன்.

"ஓம், நல்லா ஓடுது" என்றாள். "ஒரு குறையும் இல்லை."

நிச்சயமா என்று சினோரா இன்னொரு தடவை கேட்டார். அந்தக் கேள்வியை நான் அந்தப் பக்கம் அனுப்பவே இல்லை. "சிகூரோ, சினோரா. துத்தோ அ போஸ்தோ" என்று நானே சொன்னேன். அவர் தாளில் ஏதோ எழுதினார். எழுதும்போது முகம் கொஞ்சம் யோசனையாக இருந்தது. நான் கோப்பி போட எழும்பிவிட்டேன்.

ஏழு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, சினோரா வீட்டில் கட்டில் விரிப்புகளைச் சூடான மினுக்கியால் அழுத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தங்கச்சியின் புருசன். அந்த மனிதர் அழுவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அது சோளகக் காற்று அடிக்கிற காலம். விடிய எழும்பும்போதே தங்கச்சிக்கு இழுப்பு. மூச்சுக்கு வாயில் அடிக்கிற பம்ப் அடித்தும் அடங்கவில்லை. வள்ளங்கள் எல்லாம் தொழிலுக்குப் போய்விட்டன. ஒன்றைத் தேடிப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவரவே இரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கிறது. திறந்த வள்ளம். அலை அடித்து உள்ளே தண்ணீர். அவளை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். பாதிக் கடலில் மூச்சு நின்றுவிட்டது.

கூரையும் படுக்கையும் ஒட்சிசனும் உள்ள படகு அந்த நேரம் கரையில் நின்றது.

மினுக்கியை விரிப்பின் மேலேயே விட்டிருக்கிறேன். கருகிய மணத்துக்குச் சினோரா ஓடிவந்தார். நான் தரையில் இருந்தேன். அவரும் பக்கத்தில் வந்து தரையில் இருந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, தங்கச்சிக்குச் சுகமில்லாமல் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அடுத்த நாளே அடக்கம். போய்ச் சேர வழியில்லை. என் அறையில் போனைத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். கீழே வுச்சீரியாவில் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். யன்னலைப் பூட்டினேன், அப்போதும் கேட்டது.

முப்பத்தோராம் நாள் பூசைக்குச் சினோரா வந்தார். கறுப்பு உடுப்போடு கடைசி வாங்கில் இருந்தார். பூசை முடிந்து இருவரும் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையப் பக்கமாக நடந்து வந்தோம். நடந்துகொண்டே கேட்டார். "படகு இருக்கிறதே. அதில் கொண்டுபோகவில்லையா?"

நான் களைத்துப் போயிருந்தேன். பொய் சொல்வதற்கும் ஒரு தென்பு வேண்டும். முழுவதையும் சொன்னேன். எஞ்சின், பூமாலை, நான் அனுப்பாமல் விட்ட கேள்வி, ஒன்றையும் மறைக்கவில்லை. திட்டுவார், வேலையால் நிற்பாட்டுவார் என்று நினைத்தேன். அவர் ரோட்டிலேயே நின்றுவிட்டார்.

"ஒப்பந்தத்தில் திருத்த வேலைக்கென்று தனியாக ஒரு தொகை இருந்தது" என்றார். "மூன்று வருடமும் நீங்கள் கேட்கவில்லை. கோப்பை மூடுமுன் அதைக் கொடுத்து முடிக்கத்தான் நான் அன்று கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். நீ எல்லாம் சரி என்றாய். அது வேறு ஊருக்குப் போய்விட்டது."

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். "ஏன் இதை முதலே வாயால் சொல்லவில்லை? பொடி எழுத்தில் எழுதிப் பின்னால் ஒளித்து வைத்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினேன். நிலையத்துக்குப் போகிற சனம் திரும்பிப் பார்த்தது. அவர் அழுதுகொண்டு நின்றார். ஒளித்து வைத்தது அவரில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கங்கள் என் மேசையில் ஒரு வாரம் கிடந்தவை.

வீட்டுக்குப் போய் அந்தக் கடதாசிகளை எடுத்தேன். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. மூன்று வரி. வாசிக்க ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை.

அந்த ஞாயிறு தங்கச்சியின் புருசன் போன் எடுத்தார். பிள்ளைகள் சாப்பிட்டார்களா, பள்ளிக்கூடம் போகிறார்களா என்று கேட்டேன். ஓம் ஓம் என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக் கூடாது. எஞ்சின் கதையை அக்கா சினோராவிட்டைச் சொல்லுவா, அக்கா பாத்துக்கொள்ளுவா எண்டு அவ ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தவ. சங்கத்துப் பொம்பிளையளுக்கும் அதைத்தான் சொன்னவ. நீங்கள் கேட்டனீங்கள்தானே?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன்.

"ஓம் தம்பி, கேட்டனான்" என்றேன். "எவ்வளவோ கெஞ்சிப் பாத்தனான். திருத்துறதுக்குத் தரமாட்டம் எண்டிட்டினம்."

மறுமுனையில் அவர் பெருமூச்சு விட்டார்.

"அதுதானே. நானும் அப்பிடித்தான் நினைச்சனான். காசுக்காரருக்கு எங்கடை கஷ்டம் எங்கை விளங்கப் போகுது? நீங்கள் பாவம் அக்கா, உங்களாலை ஏலுமானதைச் செய்திட்டியள். இனி அதை நினைச்சு உடம்பைக் கெடுக்காதேங்கோ. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ."

அவர் நெடுநேரம் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.