ஈர்ப்பே இல்லை என்றவர்

நாலு வருடத்துக்கு முன், ஓர் ஆடி மாதம், பீளமேட்டில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

என் கணவர் பம்புசெட்டுக்கு உதிரிபாகம் கடையும் லேத் பட்டறை வைத்திருந்தார். பத்தாவதோடு படிப்பை விட்டவர். ஆனால் அவருக்கென்று ஒரு பிடிவாதமான கொள்கை இருந்தது. பூமிக்கு இழுக்கும் சக்தியே கிடையாதாம். எல்லா அணுக்களும் ஓயாமல் பெருத்துக்கொண்டே இருக்கின்றனவாம். தேங்காய் கீழே விழுவதில்லை, பெருக்கிற தரைதான் மேலே வந்து அதை முட்டுகிறதாம். நாமும் சேர்ந்தே பெருப்பதால் நமக்குத் தெரிவதில்லை என்பார்.

எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையானால் எங்கள் ஹாலில் இருவருக்கும் வாக்குவாதம்தான். எவ்வளவு சூடானாலும் எங்கள் ஊர் 'ங்க' மரியாதை மட்டும் குறையாது. "நீங்க பேசறது சுத்தப் பைத்தியக்காரத்தனமுங்க" என்பார் அவர். "உங்களுக்குப் புஸ்தகத்தத் தாண்டி யோசிக்கத் தெரியாதுங்க" என்பார் இவர். இதற்கு ரெண்டு தேங்காய் உரித்துக் கொடுத்தாலாவது புண்ணியம் என்று முணுமுணுத்தபடி நான் காப்பி வைத்துவிட்டுப் போவேன்.

அந்த ஆடியில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போயின. புத்தி தெளிவாகவே இருந்தது, டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆப்பிள் பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, அவர் எதிரிலேயே "இவருக்கு நாம பேசறதெல்லாம் புரியுதுங்களா?" என்று என்னிடம் கேட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஞாயிறு வந்தபோது மட்டும் தாடையைத் தடவிக் காட்டி, சவரம் செய்துவிடச் சொன்னார்.

பேராசிரியர் வந்தார். துவண்டு கிடந்தவரைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிலருகே உட்கார்ந்தார். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் யோசிச்சுப் பாத்தனுங்க. நீங்க சொன்னதுதான் சரியின்னு படுதுங்க" என்றார்.

சந்தோஷப்படுவார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் மெல்லக் கையை உருவிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பேராசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவரிடம் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அவர் எதைக் கேட்டாலும் "சரிங்க, சரிங்க" என்பதுதான் மரியாதை. அந்த மரியாதையைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. பேராசிரியரும் தலையைக் குனிந்துகொண்டு போனவர், அதற்குப் பிறகு வரவே இல்லை.

மூன்று நாளாக இவருக்குக் கஞ்சிகூட உள்ளே போகவில்லை. எனக்குக் கோபமும் துக்கமும் சேர்ந்து வந்தன. கிண்ணத்தை டங்கென்று வைத்தேன்.

"ஏனுங்க, இழுக்கற சக்தியே இல்லீன்னா, அந்த நெலா எங்காச்சும் ஓடிப்போகாம நம்மளையே ஏன் சுத்தீட்டுக் கெடக்குது? இதுக்குப் பதில் இருக்குதுங்களா?"

சட்டென்று திரும்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேராசிரியரைப் பார்க்கும் அதே முறைப்பு. இடது கையைத் தூக்கி, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார்.

"எனக்குப் புரியலீங்க. இதெல்லாம் ஒரு பதிலா?" என்றேன்.

எரிச்சலோடு இன்னும் பெரிதாகப் போட்டார். போட்டுக்கொண்டே வாயைத் திறந்தார். நான் கஞ்சியை ஊட்டினேன்.

அன்றிலிருந்து தினமும் சண்டை போட்டேன். அணுவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வாய்க்கு வந்ததைக் கேட்பேன், அவர் விரலை ஆட்டி மறுப்பார். ஐப்பசியில் இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. இந்த முறை அவர் பிழைக்கவில்லை. கொடுமுடிக்குப் போய்க் காவிரியில் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்தோம்.

இப்போது மகனும் மருமகளும் நான் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசுவதில்லை, "சரிங்க, சரிங்க" என்றுவிடுகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அவர் அன்றைக்கு எதற்காக அழுதார் என்பது எனக்கு இப்போதுதான் முழுசாகப் புரிகிறது.