இடது காலைப் பிடித்தவள்

பேய் என்றால் அமாவாசையும் புளியமரமும் வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது பட்டப்பகலில் நடந்தது. காலை ஒன்பதே கால். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், ஆனால் அந்த அறையில் மருந்துக்குக்கூட இருட்டு இல்லை. விழித்திருந்தவர்கள் நான்கு பேர். நான்கு பேரும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள், போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அறிவு துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. சந்தேகம் அவன் கூடவே பிறந்தது. கன்டெய்னர் கதவில் போட்ட சீல் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டான். டீ ஆற்றுகிறவனைக்கூட ஒரு கண் பார்த்துக்கொண்டே இருப்பான்.

அவன் மனைவி ரமாபாய்க்குக் கடுமையான மனச்சோர்வு. வாயாடி என்று பேரெடுத்தவள், முதலில் பேச்சை விட்டாள், பிறகு சோற்றை விட்டாள். கடைசியில் தண்ணீரையே ஸ்பூனில் புகட்ட வேண்டியிருந்தது. எந்த மாத்திரைக்கும் நோய் கேட்கவில்லை. ராயபுரம் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில், இந்த நோய்க்கு மின்சார சிகிச்சை கொடுத்து அதைப் பற்றி ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார் டாக்டர் ஜெரினா. "எட்டு தடவை கொடுக்கணும். இல்லேன்னா இவங்க தாங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டார்.

அறிவுக்குக் 'கரண்ட்' என்ற சொல்லும் பிடிக்கவில்லை, 'ஆராய்ச்சி' என்ற சொல்லும் பிடிக்கவில்லை. ஆனால் மூன்றாவது தடவை முடிந்து கண் விழித்தவள், "ஒரு டீ வாங்கினு வாய்யா" என்றாள். அறிவு கேன்டீன் வாசலில் நின்று அழுதான்.

ஏழாவது தடவைக்குப் பிறகுதான் அது கண்ணில் பட்டது. அவளுடைய இடது கணுக்காலில் நான்கு சிவந்த தடங்கள். மறுபக்கம் ஒன்று. நான்கு விரல், ஒரு கட்டைவிரல்.

"யாரு உன் கால புட்ச்சது?"

"யாரோ ஒரு அம்மா... நான் மயங்கறதுக்கு முன்ன கால்மாட்ல வந்து நிக்கும். ஒவ்வொரு வாட்டியும் வர்து."

"நர்ஸா?"

"நர்ஸு தலமாட்ல இல்ல கீது?"

அறிவுக்கு ரத்தம் கொதித்தது. நேராக டாக்டர் அறைக்குப் போனான்.

"இன்னா டாக்டர், ஆளு வெச்சு அமுக்கறீங்களா?"

அமுக்க வேண்டிய தேவையே இல்லை என்றார் ஜெரினா. முதலில் மயக்க மருந்து. பிறகு உடம்பு முறுக்காமல் இருக்க இன்னொரு மருந்து. வலது கணுக்காலில் மட்டும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்கிக் கட்டி, அந்த மருந்து பாதத்துக்கு இறங்காமல் தடுப்பார்கள். மூளையில் வலிப்பு வந்ததா என்பது அந்த ஒரு பாதம் துடிப்பதில் தெரியும். எவ்வளவு நேரம் துடிக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்காகவே கால்மாட்டில் ஒரு கேமரா.

"இடது பக்கம் யாருமே நிக்கறதில்லை அறிவு."

"அப்போ இது இன்னா, எலி கட்ச்சுதா? படத்தக் காட்டுங்க, பாக்கறேன்."

காட்டினார். திரையில் இரண்டு பாதங்கள். வலது பாதம் துடிக்க ஆரம்பித்தது. இடது பாதம் அசையவில்லை.

பிறகு இடது கணுக்காலில் தோல் உள்ளே அமுங்கியது... ஒரு குழி. இரண்டு... நான்கு. பிசைந்த மாவில் விரல் பதிந்தது போல.

கை இல்லை.

ஜெரினா படத்தைப் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தார். இத்தனை நாளும் அவர் பார்த்தது வலது காலை மட்டும்தான்.

அன்றே மனைவியைக் கூட்டிக்கொண்டு ஓடியிருப்பான் அறிவு. ஆனால் பாதியில் விட்டால் நோய் திரும்பிவிடுமோ என்ற பயம். ஸ்பூனும் தண்ணீரும் கண்முன்னே வந்தன. "கடைசி வாட்டி நானும் உள்ள நிப்பேன்" என்றான். ஜெரினா மறுக்கவில்லை. அவருக்கும் ஒரு துணை வேண்டியிருந்தது.

புதன்கிழமை காலை. மயக்க மருந்து டாக்டரும் நர்ஸும் தலைமாட்டில். ஜெரினா மெஷின் அருகில். அறிவு இடது காலருகில்.

ஒன்பதே கால். கரண்ட் பாயும்போது மெஷின் நீளமாக ஒரு பீப் சத்தம் போட்டது... நின்றது.

"இப்பப் பிடிங்க" என்றார் ஜெரினா.

ரமாபாயின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான் அறிவு. வலது பாதம் துடித்தது.

அவன் கைமேல் ஒரு கை.

சில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தான். இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. அவசரமே இல்லாமல் அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது...

சுண்டு விரல்...

மோதிர விரல்...

அந்த விரல்கள் நிமிர்வதை மற்ற மூன்று பேரும் பார்த்தார்கள்.

"த்தூ! யாரு நீ?" அறிவு கத்தினான். "ஓடிடு! இவ கால் மேல மட்டும் இல்ல, இனிமே இந்த ரூம்புல யாரு கால் மேலயும் கை வெக்காத! எங்கம்மா மேல ஆணை!"

கை நின்றது.

விலகியது.

ரமாபாய் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டாள். தண்ணீர் லாரி வந்தபோது பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டையும் போட்டாள். காலில் புதிதாக ஒரு தடமும் இல்லை. "பேயையே தொரத்தி உட்டவன்டா நானு" என்று அறிவு துறைமுகம் முழுக்க மார்தட்டினான்.

மூன்றாவது வாரம் ஜெரினா போன் செய்தார். குரல் சரியில்லை.

"பழைய வீடியோ எல்லாத்தையும் எடுத்துப் பார்த்தேன் அறிவு. இடது கால்களை. உங்க வீட்டம்மாவுக்கு முன்னாடி இருபத்திரண்டு பேர். இருபத்தோரு பேர் கால்ல அந்த விரல் அழுத்தம் இருக்கு, ஒவ்வொரு தடவையும். அந்த இருபத்தோரு பேரும் இன்னைக்கு நல்லா இருக்காங்க."

"மிச்சம் ஒருத்தரு?"

"விம்கோ நகர்ல ஒரு அம்மா. கடைசித் தடவை மட்டும் அவங்க காலை அது பிடிக்கலை. சிரிச்சுக்கிட்டேதான் வீட்டுக்குப் போனாங்க. அடுத்த மாசமே மறுபடி சோறு தண்ணி விட்டுட்டாங்க. காப்பாத்த முடியலை."

வீட்டு வாசலில் நின்றிருந்த அறிவு உள்ளே எட்டிப் பார்த்தான். ரமாபாய் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"அப்போ இவளுக்கு இன்னொரு வாட்டி வெச்சிடுங்க டாக்டர். நாளைக்கே இட்டாறேன். நான் கிட்டவே வர மாட்டேன். அது புட்ச்சிக்கட்டும்..."

ஜெரினா அவனை முடிக்க விடவில்லை.

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்களுக்கப்புறம் ஒன்பது பேருக்குக் கொடுத்தாச்சு. ஒருத்தர் காலையும் அது பிடிக்கலை."