புரட்டாசியும் என் ஆட்டு மாத்திரையும்

போன வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் என்னிடம் செமத்தியாகத் திட்டு வாங்கினார். வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே விழுப்புரம் ரயிலைப் பிடிக்க ஓடினார்.

திட்டு வாங்கியவர் சிரிப்பானேன்? அதைச் சொல்ல நான் என் கழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புரட்டாசியில் இரண்டு வாரம் பத்திரிகையில் என்னுடைய இந்தப் பக்கம் ஏன் வரவில்லை என்று கார்டு எழுதிய சகோதரிகளுக்கும் இதுதான் பதில்.

நான் திண்டிவனத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் சித்திரை வெயிலில் ஊரே விசிறியும் கையுமாக இருந்தபோது, நான் மட்டும் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. குரல் கரகரத்தது. முகம் உப்பியது. பார்த்தவர்களெல்லாம், "உடம்பு பூசினாப்ல இருக்குதே, எதுனா விசேஷமா?" என்றார்கள்.

விசேஷம்தான்... உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம்!

அதைவிடக் கொடுமை, எனக்குக் கோபம் வருவது நின்றுபோனது. நானோ பிறவிக் கோபக்காரி. பால்காரர் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றிக் கொடுத்தபோதும், "சரிப்பா" என்று செம்பை வாங்கி வைத்தேன். அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரருக்கு உதறல் எடுத்தது.

"நீ திட்டாம உக்காந்துக்கினு இருக்கிறத பாத்தா எனக்கு பயமா இருக்குது. கெளம்பு."

அவருக்கு விழுப்புரம் கூட்ஸ் ஆபீஸில் வேலை. அங்கே தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார். வயதானவர், நெற்றியில் பளிச்சென்று நாமம். ஒரு சின்னச் சுத்தியலால் என் குதிகாலுக்கு மேலே தட்டினார். பாதம் அசைந்தது. ஆனால் பழைய இடத்துக்குத் திரும்ப அது அவசரப்படவே இல்லை.

"காலுக்குக்கூடத் தூக்கம் வருது பாருங்க," என்றார் டாக்டர்.

கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். என்னுடையது வேலையை விட்டுவிட்டதாம். அது சுரக்க வேண்டியதை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். ஆட்டின் கழுத்திலிருந்து அதே சுரப்பியை எடுத்து, காயவைத்து, பொடித்துச் செய்த மாத்திரை. தினம் ஒன்று.

"எத்தினி நாளைக்குங்க?"

"நீங்க இருக்கிற வரைக்கும்மா."

திரும்பி வரும்போது ரயிலில் அழுதேன். ஆனால் ஆறு வாரத்தில் கம்பளி பெட்டிக்குள் போனது. முகம் வடிந்தது. ஒருநாள் காலையில் பால்காரரை நான் பிடித்த பிடியில், கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சோப்பு முகத்தோடு ஓடிவந்தார். "வந்துட்டியா! பழையபடி வந்துட்டியா!" என்று ஒரே சந்தோஷம்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விட்டேனா?

எங்கள் வீட்டில் கறி, மீன் எல்லாம் உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை கிடையாது. அமாவாசை, கிருத்திகை கிடையாது. புரட்டாசி மாசம் முழுக்க முட்டைகூட வாசல்படி தாண்டாது. மீன் சட்டி, கறிச் சட்டியையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிடுவோம்.

மாத்திரை ஆடு அல்லவா? என் மூளை எங்கே போயிற்று என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை, யாரையும் கேட்கவுமில்லை. புரட்டாசி முதல் தேதி, மாத்திரை பாட்டிலை மீன் சட்டிக்குள் வைத்துப் பரணில் ஏற்றினேன்.

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. பெருமாள் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் கம்பளி வெளியே வந்தது. நான்காம் வாரம், முதல் பெஞ்சில் இருக்கும் குழந்தையின் பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்... வாயில் பெயர் இல்லை.

தலைமை ஆசிரியை தனியாகக் கூப்பிட்டார். "கார்த்திகையில இன்ஸ்பெக்டர் வர்றாரு. இப்படியே தூங்கிக்கினு இருந்தீன்னா உன் வேலைய என்னால காப்பாத்த முடியாது, பாத்துக்கோ."

அந்த வேலை எனக்கு உயிர். போய்விடும் என்று தெரிந்தும் பயப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

கடைசிச் சனிக்கிழமை பெருமாளுக்குப் படையல் போடும் தளிகை. என் வீட்டுக்காரர் நாமம் போட்டுக்கொண்டு, செம்போடு நாலு வீடு "கோவிந்தா" சொல்லி அரிசி வாங்கி வந்தார். வந்து பார்த்தால் அடுப்பில் பொங்கல் தீய்ந்து புகைகிறது. நான் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து தூங்குகிறேன்! அவர் பானையை இறக்கிவிட்டு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"மாத்திரை எங்க?"

பரணைக் காட்டினேன்.

மறுபடி விழுப்புரம். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாத்திரைய நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்தலைங்க... புரட்டாசிக்கு லீவு."

"வெள்ளிக்கிழமை?"

"அன்னிக்கும் லீவுதாங்க."

"அமாவாசை? கிருத்திகை?"

சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நானும் புரட்டாசிக்காரன்தாம்மா," என்றார் அவர், நெற்றியைக் காட்டி. "உங்க கழுத்துல இருக்கிற சுரப்பியும் மாம்சம்தான். அதையும் கழட்டிப் பரண்ல வெச்சீங்களா? சீமையிலேர்ந்து, யுத்தம் நடக்கிற கடல்ல கப்பலேறி வருது இந்த மாத்திரை. உங்களுக்காக நான் பட்டணத்துக்கு எத்தினி லெட்டர் போடறேன்னு தெரியுமா?"

வெட்கமாக இருந்தது. அவ்வளவு தூரம் பிழைத்து வந்த மாத்திரையை நான் மீன் சட்டிக்குள் கவிழ்த்து வைத்திருக்கிறேன்!

புரட்டாசி முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. அன்று சாயங்காலமே பாட்டிலை இறக்கிக் காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். காப்பிக்கு மட்டும் நான் எந்த மாசமும் விரதம் இருந்ததில்லை.

இன்ஸ்பெக்டர் போன வாரம் வந்தார். ரிஜிஸ்தரைத் திறக்காமலே அத்தனை குழந்தைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் பெஞ்சுக் குழந்தையின் பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

அதற்கு மறுநாள்தான் அந்த வெள்ளிக்கிழமை. நான் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதை, சட்டைப் பொத்தானைப் போட்டபடியே பார்த்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

"வெள்ளிக்கிழமையில நீ ஆட்ட முழுங்கலாம்னா... ராத்திரிக்கு எனக்குக் கொஞ்சம் கருவாட்டுக் கொழம்பு வெச்சா இன்னா?"

ஆரம்பித்தேன். தெருவே கேட்டது.

மனிதர் அசையாமல் நின்று முழுசாக வாங்கிக்கொண்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரயிலுக்குக் கெளம்ப இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குது. இன்னும் கொஞ்சம் திட்டேன்!"

ஐந்து நிமிஷமும் வீணாகவில்லை.